அப்பாவின் பையைத் திறந்து பாருங்கள்

கேள்வி: என் அப்பா முப்பது வருடத்துக்கு மேலாக மர வேலை செய்கிறார். இப்போது பெரும்பாலும் பிளைவுட், மைக்கா வேலைதான். தம்பி ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இரண்டு வருடமாக ஒரு கான்ட்ராக்டரிடம் எலக்ட்ரீஷியனாக இருக்கிறான். என் வீட்டுக்காரருக்குக் கம்ப்யூட்டர் வேலை. சனி, ஞாயிறில் மொட்டை மாடியில் மர வேலை பழகுகிறார். ஒரு பேட்டரி டிரில்லும் ஜிக்சா ரம்பமும் வைத்திருக்கிறார். யூடியூப் பார்த்துவிட்டு, கிரைண்டரில் மாட்டி மரம் அறுக்கிற பிளேடு வேண்டும் என்கிறார். போன தீபாவளிக்கு அப்பாவுக்கு ஆன்லைனில் 108 பீஸ் டூல் கிட் வாங்கிக் கொடுத்தேன். ‘நல்லாருக்கு கண்ணு’ என்றார். பெட்டி இன்னும் பரண் மேல்தான் இருக்கிறது. இந்த வருடம் போனஸில் பத்தாயிரம் ரூபாய் ஒதுக்கி வைத்திருக்கிறேன். மூன்று பேரும் நிஜமாகவே கையில் எடுத்துப் புழங்குகிற மாதிரி என்ன வாங்கலாம்? அம்மாவுக்குக் கவலையில்லை. வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறவர். அவருக்கு வழக்கம்போலப் புடவை எடுத்துவிட்டேன்.
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

அன்புள்ள சகோதரிக்கு,

பரண் மேல் இருக்கிற பெட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவுக்கு அது பிடிக்காமல் போயிருக்காது. மகள் சம்பாதித்து, தன்னுடைய தொழிலை நினைத்து வாங்கியது என்ற பெருமை நிச்சயம் இருந்திருக்கும். ஆனால் அவர் வேலைக்கு ஆகிற பொருள் அந்தப் பெட்டியில் அநேகமாக இல்லை. 108 பீஸ் என்று போட்டிருந்தால், அதில் பெரும்பகுதி விரல் நுனி அளவு ஸ்க்ரூ பிட்டும், நட்டு கழற்றுகிற சாக்கெட்டும், ஆலன் கீயுமாக இருக்கும். ஒவ்வொன்றையும் ஒரு பீஸ் என்று எண்ணித்தான் அந்தக் கணக்கு வருகிறது. மிச்சம் ஒரு சின்னச் சுத்தியல், ஒரு பிளேயர், ஒரு மெல்லிய டேப். வண்டியில் நட்டு முறுக்க, கட்டில் பூட்ட, சைக்கிள் சீட்டை ஏற்றி இறக்க அது நல்ல பெட்டி. குடித்தனம் நடக்கிற வீட்டில் இருக்க வேண்டியதுதான். அப்பாவிடம் கேட்டு உங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போங்கள். தூசி படிந்து கிடப்பதைவிட மகள் வீட்டில் புழங்கினால் அவருக்கும் சந்தோஷம்.

நான் கருவி விற்கிற கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னால் மெஷின் பழுது பார்க்கிற மேசையும் உண்டு. தீபாவளிக்கு முன்னால் உங்களைப் போலப் பரிசு தேடி வருகிறவர்கள் நிறையப் பேர். பொங்கல் முடிந்ததும் அந்தப் பரிசுகளில் சில, சீல் உடைக்காமலே ‘இதை மாற்றிக் கொடுங்கள்’ என்று திரும்பி வரும். வேறு சில, மோட்டருக்குள் உரசிக்கொண்டே ஓடுகிற கார்பன் பிரஷ் தேய்ந்துபோய்ப் பழுது மேசைக்கு வரும். பிரஷ் தேய்ந்து வருகிற மெஷினைப் பார்த்தால் எனக்கு மனசு நிறைந்துவிடும். வாங்கிக் கொடுத்தவர் சரியாக வாங்கியிருக்கிறார், வாங்கிக்கொண்டவர் நன்றாக உழைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

தொழில் செய்கிறவரிடம் அந்தத் தொழிலின் முக்கியமான கருவிகள் ஏற்கெனவே இருக்கும். அவையும் அவர் கைக்குப் பழகியவையாக இருக்கும். அப்பாவின் உளியை எடுத்துப் பாருங்கள். பிடியில் அவர் உள்ளங்கை படுகிற இடம் மட்டும் வழுவழு என்று கறுத்திருக்கும். தீட்டித் தீட்டி உளியே நீளம் குறைந்திருக்கும். அதற்குப் பதிலாகப் பளபளப்பாக ஒன்றை வாங்கிக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்வார், வேலைக்குப் பழையதைத்தான் எடுத்துப் போவார். அதனால் உளி, இழைப்புளி, சுத்தியல் மாதிரிக் கையோடு ஒட்டிய சாமான்களை நீங்களாக வாங்காதீர்கள். அடிக்கடி தேய்ந்து தீர்கிற பொருள், பக்கத்து ஆளிடம் இரவல் வாங்குகிற பொருள், அப்புறம் உடம்பைக் காப்பாற்றுகிற பொருள் இருக்கிறதே, இவற்றில் வாங்கினால் வீண் போகாது. கடைசியில் சொன்னதைத் தொழில்காரர்கள் தங்கள் காசில் வாங்கிக்கொள்ளவே மாட்டார்கள். அதனால் அதைத்தான் முதலில் நினைக்கச் சொல்வேன்.

என்ன வாங்குவது என்று தெரிந்துகொள்ள அப்பாவின் வேலைப் பையைத் திறந்து பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா எடுத்து ஒதுங்க வைக்கிற மாதிரி. அளவு டேப்பின் முதல் சில அங்குலம் அழிந்துபோய் இருக்கிறதா? வட்ட பிளேடில் பல் உடைந்திருக்கிறதா? டிரில் பிட் நுனி நீலம் பாய்ந்து கிடக்கிறதா? அது சூடேறி எரிந்துபோனதன் அடையாளம். மூக்குக் கண்ணாடியின் காலில் நூல் சுற்றிக் கட்டியிருக்கிறாரா? அந்தப் பையே உங்களுக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிடும்.

டேப் சின்னப் பொருள்தான், ஆனால் ஒரு நாளில் எத்தனையோ தடவை கையில் எடுப்பார். அப்பா மாதிரி நம் ஊர்ப் பழைய கைகள் அடி, அங்குலம், நூல் என்றுதான் அளப்பார்கள். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். ஆன்லைனில் வருகிற சில டேப்பில் வெறும் சென்டிமீட்டர்தான் இருக்கும். அவருக்கு அது உதவாது. அங்குலக் கோடு பெரிய எழுத்தில், எட்டாகப் பிரித்தது தெளிவாகத் தெரிகிற 5 மீட்டர் டேப்பாக, பட்டை 19 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குறையாமல் பாருங்கள். பட்டை அகலமாக இருந்தால் ஆள் பிடிக்காமலே தூரம் நீட்டலாம், நடுவில் மடங்காது. நுனியில் இருக்கிற கொக்கி லேசாக ஆடும். ‘புது டேப்பே ஆடுகிறதே’ என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அது ஆடத்தான் வேண்டும். கொக்கித் தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவு தூரம்தான் ஆடும். பலகையின் விளிம்பில் மாட்டி இழுக்கும்போது வெளியே வந்தும், சுவரில் முட்டி அளக்கும்போது உள்ளே போயும் அளவைச் சரியாகக் காட்டுவதற்காக வைத்த ஆட்டம் அது.

அடுத்தது பிளேடு. பிளைவுட், மைக்கா வேலையில் ஓரம் பிசிறினால் அப்பாவுக்குத்தான் பேச்சு விழும். பிசிறுக்குக் காரணம் பெரும்பாலும் தேய்ந்த பிளேடு, இல்லையென்றால் பல் குறைவான பிளேடு. பல் குறைவாக இருந்தால் வேகமாக அறுக்கும், ஓரம் முரடாக வரும். பல் கூடினால் மெதுவாக அறுக்கும், ஓரம் சுத்தமாக வரும். 4 அங்குல பிளேடில் 30 பல், 40 பல் என்று கிடைக்கிறது. மைக்காவுக்கு 40 எடுங்கள். 7 அங்குல மெஷின் என்றால் 60 பல் சரியாக இருக்கும். இதில் ஒரு விஷயம் கவனம்: இப்போது அவர் மாட்டியிருக்கிற பிளேடை போனில் படம் எடுத்துக் கடைக்குக் கொண்டு போங்கள். விட்டம், கனம், நடுத் துளை, பல் எண்ணிக்கை, அதிகபட்ச வேகம் எல்லாம் பிளேடின் மேலேயே அச்சடித்திருக்கும். நடுத் துளை ஒரு மில்லிமீட்டர் மாறினாலும் மெஷினில் ஏறாது, ஏறினாலும் ஆடும். நல்ல கார்பைடு முனை பிளேடு இரண்டு வாங்கிக் கொடுத்தால், தீபாவளி லீவு முடிந்து போகிற முதல் வேலையிலேயே மாட்டிவிடுவார்.

இனி கண், காது, மூச்சு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் கடையில் இந்த அலமாரிப் பக்கம்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கட்டர் மெஷின் ஓடும்போது வருகிற சத்தம், நாள் முழுக்கக் கேட்டால் காதைக் கெடுக்கும் என்று சொல்கிற 85 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். முப்பது வருடம் மெஷின் பக்கத்தில் நின்றவர்கள் பலர் டி.வி.யை ஏன் அவ்வளவு சத்தமாக வைக்கிறார்கள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். மரத் தூளும் சாதாரணம் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மரத் தூளை மனிதர்களுக்குப் புற்றுநோய் வரவழைக்கிற பொருட்களில் சேர்த்தது 1995-இல். மூக்கையும் மூக்கை ஒட்டிய அறைகளையும்தான் அது தாக்குகிறது. மூக்கில் கட்டுகிற துண்டு கண்ணுக்குத் தெரிகிற தூளை நிறுத்தும். கண்ணுக்குத் தெரியாத மாவு அதன் வழியாக உள்ளே போய்விடும், கெடுதல் செய்வதும் அதுதான்.

ஆகவே ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 9473 என்ற எண்ணும் போட்ட, மெல்லிய தூளையும் வடிகட்டுகிற எஃப்.எஃப்.பி.2 வகை முகமூடி ஒரு பெட்டி வாங்குங்கள். முன்னால் சின்ன வால்வு வைத்தது என்றால் வெயிலில் வேலை செய்யும்போது வேர்வையும் புழுக்கமும் குறையும். காதை முழுக்க மூடுகிற இயர் மஃப் ஒன்று. பஞ்சு மாதிரி உள்ளே திணிக்கிற பிளக்கைவிட இது அவருக்குச் சுலபம், மெஷினை நிறுத்தியதும் கழுத்தில் இறக்கிவிட்டுக்கொள்வார். கண்ணாடியில்தான் நீங்கள் நிஜமாக யோசிக்க வேண்டும். அப்பாவுக்கு இந்த வயதில் பக்கத்தில் இருப்பதைப் பார்க்கப் பவர் தேவைப்படும். சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடியைப் போட்டால் பென்சில் கோடு தெரியாது, அதனால் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கண்ணோடு அறுப்பார். கீழ்ப் பாதியில் படிக்கிற பவர் வைத்த பாதுகாப்புக் கண்ணாடி ரெடிமேடாகவே கிடைக்கிறது, பிளஸ் ஒன்றரை, பிளஸ் இரண்டு என்று. அவருடைய பவர் சீட்டைப் பார்த்து வாங்குங்கள். கோடும் தெரியும், கண்ணுக்கும் காவல். நீங்கள் வாங்கப் போவதிலேயே அவருக்கு மறுநாளே வித்தியாசம் தெரிகிற பொருள் இதுதான் என்று நினைக்கிறேன்.

அப்பா வழக்கமாகச் சாமான் வாங்குகிற கடை ஒன்று இருக்கும். முடிந்தால் ஒரு நடை அங்கே போய், இன்னாருடைய மகள் என்று சொல்லுங்கள். அவர் எந்த மெஷினை எடுத்துப் பார்த்துவிட்டு விலை கேட்டு வைத்துவிட்டுப் போனார் என்று கடைக்காரருக்கு நினைவிருக்கும். எங்கள் கடையில் அப்படி நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். அங்கேயே வாங்கினால், சரிப்படாவிட்டால் மாற்றிக்கொள்ளவும் அவருக்குச் சங்கடம் இருக்காது.

தம்பி விஷயம் வேறு. அவன் இன்னும் கருவி சேர்க்கிற பருவத்தில் இருக்கிறான், அதனால் அவனுக்குக் கைக்கருவியே வாங்கலாம். எலக்ட்ரிகல் வேலையில் நம் ஊரில் ஒரு தவறான நம்பிக்கை ஓடுகிறது: கட்டிங் பிளேயர் பிடியில் ரப்பரோ பிளாஸ்டிக்கோ இருந்தால் ஷாக் அடிக்காது என்று. சாதாரணப் பிளேயரின் உறை கை வழுக்காமல் இருப்பதற்காகப் போட்டது. கரன்ட்டைத் தாங்கும் என்று சோதித்துப் பார்த்த கருவியில் 1000 வோல்ட் என்றும், பக்கத்தில் ஒன்றோடு ஒன்று கோத்த இரட்டை முக்கோண அடையாளமும் பொறித்திருக்கும். அந்த அடையாளம் போட்ட ஒரு பிளேயரும், இரண்டு மூன்று ஸ்க்ரூ டிரைவரும் வாங்கிக் கொடுங்கள். ஸ்க்ரூ டிரைவரில் நுனியைத் தவிரத் தண்டு முழுக்க உறை போர்த்தியிருக்க வேண்டும். மெயினை அணைத்துவிட்டு வேலை செய்வதுதான் முறை. எவ்வளவு நல்ல கருவியும் அதற்கு ஈடாகாது என்று அக்காவாக ஒரு வார்த்தை சொல்லியும் கொடுங்கள்.

அவன் சட்டைப் பையில் ஒரு டெஸ்டர் கட்டாயம் இருக்கும். உள்ளே சின்ன நியான் பல்பு எரிகிற சாதனம் அது. அந்த பல்பு எரிவதே நம் உடம்பு வழியாகத் துளிக் கரன்ட் தரைக்குப் போவதால்தான். காய்ந்த மர ஏணி மேல் நின்றால் மங்கலாக எரியலாம், வெயிலில் எரிவதே தெரியாமல் போகலாம். ‘டெஸ்டர் எரியவில்லை, லைன் இல்லை’ என்று கை வைப்பது ஆபத்து. அதனால் அவனுக்கு ஒரு நல்ல மீட்டர் வாங்குவது வீண் செலவு ஆகாது. ஒயரைக் கழற்றாமல் சுற்றிப் பிடித்துக் கரன்ட் பார்க்கிற கிளாம்ப் மீட்டராக இருந்தால் இன்னும் நல்லது. மீட்டரின் முகப்பில் ‘கேட்’ என்று போட்டு ரோமன் எண் இருக்கும். வீட்டுக்குள் லைன் பிரிந்து போகிற டி.பி. பெட்டியில் கை வைக்கிறவனுக்குக் குறைந்தது கேட் மூன்று, 600 வோல்ட் வேண்டும். லைனில் திடீரென்று ஏறி இறங்குகிற அழுத்தத்தை மீட்டர் எந்த அளவுக்குத் தாங்கும் என்பதை அந்த எண் சொல்கிறது. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிற மஞ்சள் மீட்டர் பேட்டரி, ரேடியோ பார்க்கப் போதும், டி.பி.யில் வைக்கக் கூடாது.

மீட்டர் வாங்குவதற்கு முன்னால் அவனிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: சோலார் வேலைக்குப் போகிறாயா? 2024-இல் மத்திய அரசின் வீட்டுக் கூரை சோலார் மானியத் திட்டம் வந்த பிறகு எலக்ட்ரீஷியன் பையன்கள் பலர் அந்தப் பக்கம் போகிறார்கள். பேனலிலிருந்து வருவது டி.சி. கரன்ட். விலை குறைந்த கிளாம்ப் மீட்டர்கள் பெரும்பாலும் கவ்விப் பார்ப்பது ஏ.சி.யை மட்டும்தான். சோலார் வேலை என்றால் டி.சி.யும் பார்க்கிற மாடல் வேண்டும், விலை கொஞ்சம் கூடும்.

தம்பி தானாகக் கேட்டால் பேட்டரி மெஷினைத்தான் கேட்பான், அந்த வயது அப்படி. வாங்கலாம், ஆனால் ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷினில் ஏறாது. ஒரே கம்பெனிக்குள்ளேயே மாறுவதும் உண்டு: பாஷின் நீல நிற மெஷின் தொழில்காரர்களுக்கு, பச்சை நிறம் வீட்டு உபயோகத்துக்கு, இரண்டும் 18 வோல்ட் என்று போட்டிருந்தாலும் பேட்டரி மாற்றிப் போட முடியாது. ஆகவே அவனிடமோ அவன் கூட வேலை செய்கிறவர்களிடமோ ஏற்கெனவே எந்த பேட்டரி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அதே வகையில் வாங்குங்கள். பேட்டரியும் சார்ஜரும் இல்லாத வெறும் மெஷின் என்று தனியாக விற்கிறார்கள், விலை நன்றாகவே குறையும். இன்னொன்று, ஒரு பெட்டியில் 18 வோல்ட், பக்கத்துப் பெட்டியில் 20 வோல்ட் என்று இருந்தால் 20 தான் பலம் என்று எடுத்துவிட வேண்டாம். இரண்டிலும் உள்ளே ஐந்து செல்தான் வரிசையாக இருக்கும். ஒரு செல்லுக்குச் சராசரியாக 3.6 வோல்ட் என்று கணக்குப் போட்டால் 18, முழு சார்ஜில் 4 வோல்ட் என்று போட்டால் 20. அதே மாதிரிதான் 10.8-உம் 12-உம். கான்கிரீட்டில் துளை போடுகிற பெரிய ஹேமர் மெஷினைக் கான்ட்ராக்டரே கொடுப்பார், அதற்கு உங்கள் காசு வேண்டாம். கொடுத்த மெஷின் எஸ்.டி.எஸ். பிளஸ் வகை (பள்ளம் வைத்த பிட்டைச் சொருகினாலே மாட்டிக்கொள்கிற வகை) என்றால் அதற்கு 6, 8, 10 மில்லிமீட்டரில் நல்ல பிட் மூன்று சொந்தமாக வைத்துக்கொள்ளட்டும். தேய்ந்த பொது பிட்டோடு மல்லுக்கட்டி மெஷினை அழுத்துவதில்தான் தோள் போகிறது.

இப்போது உங்கள் வீட்டுக்காரர். அந்த பிளேடை வாங்கிக் கொடுக்காதீர்கள். இதை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. அது உலோகத்தையும் கல்லையும் தேய்ப்பதற்காகச் செய்தது. தேய்க்கிற டிஸ்கில் பல் கிடையாது, அதனால் பல் மாதிரிப் பொருளைக் கவ்வாது. அதில் பல் வைத்த மர பிளேடை மாட்டினால், ஒரு கணுவிலோ இறுகிய இடத்திலோ பல் கவ்வுகிற நொடியில் மெஷின் முழு வேகத்தோடு ஆளை நோக்கி எகிறும். மரம் அறுக்கிற வட்ட ரம்பத்தில் பிளேடை மூடுகிற மூடியும், மரத்தின் மேல் உட்காருகிற அடித்தட்டும் இருக்கின்றன. கிரைண்டரில் அடித்தட்டே இல்லை, மூடியும் ஒரு பக்கத்தைத்தான் மறைக்கும். அந்த மூடியையும் கழற்றிவிட்டு மாட்டுகிறவர்கள் உண்டு. சங்கிலி ரம்பம் மாதிரிப் பல் வைத்த வட்டத் தகடும் இதே ஆபத்துதான். கடையில் கேட்டால் கொடுப்பார்கள், வீடியோவில் அழகாகவும் இருக்கும். வருடக்கணக்காக மெஷின் பிடித்த கைகளையே அது வெட்டியிருக்கிறது. சனிக்கிழமை மட்டும் மெஷின் பிடிக்கிற கைக்கு அது வேண்டவே வேண்டாம்.

அவருக்கு நிஜமாகவே தேவைப்படுவது வேறு. பொழுதுபோக்காக மர வேலை பழகுகிறவர்கள் எல்லோருமே முதலில் மெஷின் வாங்குகிறார்கள். மரத்தைப் பிடித்து நிறுத்துகிற கிளாம்பை மறந்துவிடுகிறார்கள். ஒரு காலால் மிதித்துக்கொண்டு, ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஜிக்சா ஓட்டினால் கோடு எப்படி நேராக வரும்? 12 அங்குல எஃப் கிளாம்ப் நான்கு வாங்குங்கள். அறுக்கும்போது பலகையை மேசையோடு பிடிக்கும். ஒட்டும்போது பசை இறுகும்வரை மூட்டை விலகாமல் வைத்திருக்கும். ஃபெவிகால் மாதிரி மரப் பசையின் பலம் அதன் அளவில் இல்லை, அழுத்திப் பிடித்த நேரத்தில் இருக்கிறது. கையில் பிடித்துப் பார்க்கும்போது திருகு வழவழ என்று ஓட வேண்டும், நகர்கிற தாடை தண்டில் இறுகப் பிடிக்க வேண்டும், தண்டு வளையக் கூடாது.

அதோடு ஒரு வைரத் தீட்டுத் தகடு, ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 கிரிட் (எண் கூடினால் சொரசொரப்பு குறையும்). உளி வாங்கிவிட்டு அது வெட்டவில்லை என்று அலுத்து விட்டுவிடுகிறவர்கள் பலர். பெட்டியிலிருந்து எடுத்த புது உளி தீட்டாமல் வேலைக்கு ஆகாது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. விளக்குக்குக் கீழே உளியின் முனையை நேராகப் பார்க்கச் சொல்லுங்கள். முனையில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னினால் அது மழுங்கியிருக்கிறது. கூரான முனையில் வெளிச்சம் தங்காது. முதலில் முதுகுப் பக்கத்தை நுனியில் ஒரு அங்குலமாவது மட்டமாகத் தேய்க்க வேண்டும், பிறகுதான் சாய்வுப் பக்கம். எப்படி என்று யூடியூபில் தேடுவதைவிட உங்கள் அப்பாவிடம் போய் உட்காரச் சொல்லுங்கள். மாமனாரும் மருமகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உளி தீட்டினால் அதற்கு நீங்கள் விலை போட முடியாது. அங்கே தெரிந்துகொண்ட பிறகு 12, 25 மில்லிமீட்டரில் இரண்டு உளி வாங்கினால் போதும், ஆறு, எட்டு என்று செட் வேண்டாம்.

கிரைண்டர் உங்கள் வீட்டில் இருக்கிறது என்று தெரிவதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரும்பு வெட்டுகிற டிஸ்க் பரிசாக வாங்கினாலும் சரி, வீட்டில் இருப்பதைப் பார்த்தாலும் சரி, நடுவில் இருக்கிற உலோக வளையத்தைப் பாருங்கள். அதில் மாதமும் வருடமும் பொறித்திருக்கும், அது காலாவதித் தேதி. டிஸ்கைப் பிடித்து வைத்திருக்கிற பிசின் நாளாக ஆக இற்றுப்போகும், ஈரம் பட்டால் இன்னும் சீக்கிரம். தேதி தாண்டிய டிஸ்க் ஓடும்போதே உடைந்து தெறிக்கலாம். பழைய டிஸ்கைத் தூக்கிப் போட மனசு வராதுதான், இருந்தாலும் போட்டுவிடுங்கள்.

பணக் கணக்கு எப்படி வரும் என்று பார்த்தால், எங்கள் பக்கத்து விலையில் அப்பாவுக்கு டேப், பிளேடு, முகமூடி, மஃப், கண்ணாடி எல்லாம் மூவாயிரத்துக்குள் முடியும். தம்பிக்கு நல்ல மீட்டர் வாங்கினால் மூவாயிரத்தை ஒட்டி வரும். பிளேயரும் ஸ்க்ரூ டிரைவரும் அடுத்த விசேஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அல்லது மாற்றி வைத்துக்கொள்ளலாம். வீட்டுக்காரருக்கு இரண்டாயிரத்து ஐநூறு. எல்லாவற்றுக்கும் பில் வாங்குங்கள். வாரண்டி கேட்டுப் போகும்போது பில்தான் பேசும். பிரபல பிராண்டு பெயரில் போலி பேட்டரியும் போலி கிரைண்டரும் சந்தையில் புழங்குகின்றன. விலை பாதிக்குப் பாதி குறைவாக இருந்தால் அங்கே வாங்காதீர்கள். வீட்டில் சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது என்று பார்ப்பவர்கள் இருந்தால் வெள்ளிக்கிழமையே போய்விடுங்கள். கூரான பொருளைச் சும்மா கொடுக்கக் கூடாது என்பார்கள், வாங்குகிறவரிடம் ஒரு ரூபாய் காசு வாங்கிக்கொண்டால் அதுவும் சரி. முடிந்தால் ஆயுத பூஜைக்கு முன்பே வாங்கிக் கொடுத்துவிடுங்கள், தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால்தானே வருகிறது. தொழில்காரர் வீட்டில் புதுக் கருவிக்கு முதல் சந்தனமும் குங்குமமும் அன்றைக்கு வைப்பதுபோல வராது.

மேலே போட்ட கணக்கில் ஆயிரத்து ஐநூறு மிச்சம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது உங்கள் அம்மாவுக்கு. கருவி யாருக்கு வாங்கலாம் என்று கேட்டபோது மூன்று பேரைச் சொன்னீர்கள், பிளவுஸ் தைக்கிற அம்மாவைப் புடவையோடு நிறுத்திவிட்டீர்கள். புடவை எடுத்ததைத் தவறு என்று சொல்லவில்லை. ஆனால் அவரும் தொழில்காரர்தான். உங்கள் வீட்டில் நிதமும் கருவி பிடிக்கிற இன்னொரு கை அவருடையது.

அவர் கத்தரிக்கோலைப் பாருங்கள். கட்டை விரல் ஓட்டையில் துணி சுற்றியிருந்தால் அது விரலை அறுக்கிறது என்று அர்த்தம். தையல்காரர்களுக்கான கத்தரிக்கோலில் பிடி மேல்நோக்கி வளைந்திருக்கும். அதனால் கீழ் அலகு மேசையோடு படிந்து போகும், துணி தூக்காது, இரண்டு மடிப்பும் ஒரே அளவில் வெட்டும். 10 அங்குலம் போதும். உத்தரப் பிரதேசத்து மீரட் கத்தரிக்கோல் 2013-இல் புவிசார் குறியீடு வாங்கியது. பழைய வண்டிகளின் இரும்பிலிருந்து செய்வார்கள், சாணை பிடித்துப் பிடித்து வருடக்கணக்கில் ஓட்டலாம். நல்ல துணிக்கடைத் தெருக்களில் தையல் சாமான் விற்கிற கடையில் கேட்டால் கிடைக்கும். அம்மாவுக்கு இடது கைப் பழக்கம் என்றால் இடது கைக்காரர்களுக்கென்று அலகு மாற்றி வைத்ததைத்தான் கேட்க வேண்டும். சாதாரணக் கத்தரியை இடது கையில் பிடித்தால் அலகுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும், வெட்டுகிற கோடும் மறையும். மிச்சக் காசில் மெஷின் தலையில் காந்தத்தால் ஒட்டுகிற சின்ன எல்.இ.டி. விளக்கு ஒன்று, 14 நம்பர் ஊசி இரண்டு பாக்கெட், பட்டுத் துணிக்கு 11 நம்பர் ஒரு பாக்கெட்.

கத்தரி வாங்கப் போகும்போது அம்மாவின் துணிப்பையிலிருந்து லைனிங் துண்டு ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். அதை இரண்டாக மடித்து, அலகின் நடுவில் வெட்டாமல் நுனியால் மட்டும் ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். துணி மடங்கி இரண்டு அலகுக்கும் இடையில் மாட்டிக்கொண்டால் வேறு கத்தரி கேளுங்கள்.